முதல் வாய்

"தங்கச்சி, நீங்க ருசி பாக்காமலே கறி வைக்கீங்கன்னு சொல்லுதாங்களே, நெசமா?"

வாசலில் நின்று கேட்டவர் மாசானமுத்து. சங்கரன்கோவில் வட்டாரத்தில் அவர் கல்யாணச் சமையல் மாஸ்டர். தலை முழுக்க நரை.

பதில் சொல்ல வேண்டியவள் கோமதி. சுரண்டையில் ஒரு வீட்டுக்காரி. அவர் மகள் வயது இருக்கும். யாரிடமும் சமையல் படித்தவள் இல்லை.

"நெசம்தான், அண்ணாச்சி."

"அதைக் கத்துக்கிட வந்தேன்."

"உங்க பிரியாணியைத் தின்னுட்டு எங்க வீட்டுக்காரரு என்னையப் பந்தியிலேயே மறந்துட்டு வீட்டுக்கு வந்தாரு. நீங்க எங்கிட்டயா கத்துக்கிடணும்?"

"உங்ககிட்டதான்."

ஏன் என்று அவர் சொல்லவில்லை.

ஆடி மாதத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது. அதோடு போன ருசியும் மணமும் திரும்பவில்லை. உப்பும் சீனியும் ஒன்றாகிவிட்டன. மனைவிக்கே தெரியாது. நாக்கு செத்த மாஸ்டரை நம்பி யார் அண்டா ஏற்றுவார்கள்? ஆவணி முகூர்த்தங்கள் வந்துகொண்டிருந்தன.

"உள்ள வாங்க. பாருங்க. பேச்சு மட்டும் வேண்டாம்" என்றாள் கோமதி.

ஆட்டுக்கறி கழுவி இருந்தது. அவள் ஓர் ஈரத்துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினாள்.

"என்னம்மா இது, ஆபரேசன் பண்ணப் போற மாதிரி?"

"கவிச்சி எனக்கு ஒத்துக்கிடாது."

"அப்ப எப்படித் திங்கீங்க?"

"நான் எங்க தின்னேன்?"

"இன்னைக்கு விரதமா?"

"பொறந்ததுல இருந்து. எங்க வீடு சைவம். இவரு கூட ஓடி வந்தேன். நாக்கு மட்டும் கூட வரமாட்டேன்னுட்டு."

மாசானமுத்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு துண்டுகூடவா?"

"ஒரு சொட்டுக் குழம்புகூட இல்ல."

அவள் வெறும் சட்டியை அடுப்பில் வைத்தாள். எண்ணெய் ஊற்றவில்லை. தாளிக்கவில்லை. கறியை அப்படியே போட்டு மூடினாள்.

"ஐயோ, அடிப்பிடிக்குமே!"

"பேச்சு வேண்டாம்னேனே."

குனிந்து மூடியருகே காதைக் கொண்டுபோனாள். அவரையும் கூப்பிட்டாள். இரண்டு தலைகளும் ஒரு சட்டிக்கு மேல் நின்றன.

"என்ன கேக்கு?"

"கொதிக்குது."

"அழுவுது. தண்ணி விடுதுல்லா. அழுது முடிக்கட்டும்."

வெகுநேரம் கழித்துச் சத்தம் மாறியது. சடசடவென்றது.

"இப்ப?"

"சொந்தக் கொழுப்புலயே பொரியுது!"

"இனி ஊத்தலாம்."

வெந்நீர் ஊற்றினாள். அம்மியில் அரைத்து வைத்திருந்த மசாலாவைக் கையில் எடுத்தாள்.

"உப்பு போட்டாச்சா?" என்றார்.

"புறவாசல்ல கறிவேப்பிலை நிக்கு. ஒரு கொத்து பறிச்சுட்டு வாங்க."

அவர் திரும்பியபோது மசாலா உள்ளே போயிருந்தது. மூடி மேலே இருந்தது.

கறி வெந்தது. அவள் ஒரு துண்டைச் சின்னத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"முதல் வாய் உங்களுக்கு."

அவர் மென்றார். பூப்போல இருந்தது. அவ்வளவுதான். ஈரப் பஞ்சுக்கும் அதற்கும் அவர் வாயில் வித்தியாசமில்லை. முப்பது வருடம் பழகிய மாதிரியே கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"ஆகா! உப்பும் உறைப்பும் அளவா நிக்கு. கைப்பக்குவம்னா இதுல்லா!"

கோமதி முகத்துண்டை அவிழ்த்தாள்.

"அண்ணாச்சி, நான் இன்னும் உப்பே போடலையே."

கறி அவர் வாயிலேயே நின்றது. விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை.

"எப்ப இருந்து?" என்றாள்.

"காய்ச்சலுக்கு அப்புறம்." தட்டைக் கீழே வைத்தார். "வெளிய தெரிஞ்சா நான் முடிஞ்சேன், தாயி. இனி எவனும் என்னை நம்பி அண்டா ஏத்த மாட்டான். என்னைச் சோதிக்கவா உப்பில்லாமக் குடுத்தே?"

"இல்ல. திங்குற ஆளு உக்காந்த பெறகுதான் நான் உப்பு போடுவேன். எப்பவும் இப்படித்தான்."

"இது என்ன கூத்து? உப்பில்லாத வாயை முதல்ல எவன் திம்பான்?"

"ஒருத்தரு இருக்காரு."

புறவாசலில் கை கழுவிக்கொண்டு செல்லப்பாண்டி வந்தார். கோமதியின் கணவர். மாஸ்டரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"யாரு, மாஸ்டரா! நம்ம வீட்டு அடுக்களையிலயா! ஏ கோமதி, இவருக்கா கறி வச்சுக் குடுத்தே? என் மானம் போச்சே!"

"உக்காருங்க முதல்ல."

உட்கார்ந்தார். சோற்றுப் பானை பக்கத்தில் இருந்தது. தட்டில் கொஞ்சம் சோறும் ஒரு துண்டும் விழுந்தன. மென்றார்.

"பிரமாதம்!"

"கேட்டீங்களா?" கோமதி மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "உப்பே இல்ல, பிரமாதமாம். கல்யாணமான புதுசுல கறி கரியாப் போச்சு. அன்னைக்கும் பிரமாதம்தான்."

"பின்ன என்னத்தச் சொல்ல? வீட்டை விட்டுட்டு என்கூட வந்த பிள்ளையாச்சே!" என்றார் செல்லப்பாண்டி.

"அன்னைக்கோட இவரு சொல்லுறதைக் கேக்குறதை விட்டுட்டேன்."

அவள் உப்பு ஜாடியை மாசானமுத்துவின் கையில் கொடுத்தாள். அடுப்பை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"எவ்வளவு?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"யம்மா, எனக்குத்தான் ஒண்ணும் தெரியலைங்கேனே. எவ்வளவுன்னு சொல்லு."

அவள் தாடையால் கணவரைக் காட்டினாள்.

மாசானமுத்து கொஞ்சம் உப்பு போட்டார். கிண்டினார். ஒரு துண்டு பரிமாறினார்.

"பிரமாதம், மாஸ்டர்!"

மாசானமுத்துவுக்கு மூச்சு வந்தது. ஜாடியை மூடப் போனார்.

கோமதி சிரித்துவிட்டாள். "இவரு சொன்னதைக் கேட்டுட்டீங்களே, அண்ணாச்சி!"

அவர் ஜாடியைத் திறந்தார். இன்னும் கொஞ்சம் போட்டார். பரிமாறினார். பிறகு வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு செல்லப்பாண்டிக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண் இமைக்கவில்லை.

"என்ன மாஸ்டர், இப்படி முறைக்கீங்க? பிரமாதம்னுதானே சொன்னேன்?"

செல்லப்பாண்டியின் புருவம் அப்படியே இருந்தது. இடது கை தண்ணீர்ச் செம்பை வெறுமனே உருட்டிக்கொண்டிருந்தது. சோறு தட்டின் ஓரத்தில் ஆறிக் கிடந்தது.

மாசானமுத்து எழுந்தார். விரல் நுனியில் உப்பு எடுத்தார். போட்டார். கிண்டினார். சட்டியைப் பார்க்கவே இல்லை.

பரிமாறினார்.

செல்லப்பாண்டி இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. சோற்றுப் பானையைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.