எமிலுக்கு ஒரு கிழங்குருண்டை

ஜெர்மனின்னு ரொம்பத் தூரத்துல ஒரு தேசம். அங்க பனி கொட்டுற ஒரு ஊர்ல கெர்டான்னு ஒருத்தி இருந்தா. ம் கொட்டு கண்ணு.

"ம்."

அவ புருஷன் அன்டன் சண்டைக்குப் போயி, எதிரிங்க சிறையில கெடந்து, எலும்பும் தோலுமா வீடு வந்து சேர்ந்தான். வந்தவன் பேசல. சாப்பிடல. வெந்நி மட்டும் குடிப்பான். இப்படியே போனா ஆள் தங்கமாட்டானேன்னு அவளுக்கு ஒரே பயம்.

அந்த ஊர்ல தட்டு நடுவுல கறி, பக்கத்துல தொட்டுக்க காயோ கிழங்கோ. சண்டை முடிஞ்ச சமயம், கறிக்கு எங்க போறது? தொட்டுக்க மட்டும்தான். அதையாவது ருசியா செய்வோம்னு, ஜாடியில உப்புப் போட்டு புளிக்க வச்சிருந்த முட்டைகோஸ எடுத்து வதக்கினா. சொய்ங்! வீடே மணக்குது. அன்டன் தட்டத் தள்ளிட்டான்.

அப்புறம் ஊதா முட்டைகோஸ், கூட ஆப்பிள் அரிஞ்சு போட்டு தளதளன்னு வேகவச்சா. கல்யாணத்தன்னிக்கு அவன் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னது அது. அதையும் தள்ளிட்டான். கெர்டா அடுப்படியில வாயப் பொத்திக்கிட்டு அழுதா.

அப்புறம் வீட்ல இருந்த உருளைக்கிழங்கையெல்லாம் சர்ரு சர்ருன்னு துருவி, பிழிஞ்சு, நடுவுல வறுத்த ரொட்டித்துண்டு வச்சு உருண்டை புடிச்சா. கொதிக்கிற தண்ணியில தொபுக்! தொபுக்! வெந்ததெல்லாம் மேல மிதந்து வந்துது. அரிச்சு தட்டுல வச்சா. அப்போ அன்டன் கைய நீட்டி ஒண்ண எடுத்தான். ஆனா அவன் தின்னல. கைக்குட்டையில சுத்தி சட்டைக்குள்ள வச்சுக்கிட்டான்.

"யாருக்குங்க அது?"

"எமிலுக்கு."

வீடு வந்து அவன் பேசின மொத வார்த்தை அதுதான்.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா சொன்னான். எமில் சிறையில அவன்கூட இருந்தவன். பசி வந்தா அவங்கம்மா செய்ற கிழங்குருண்டையப் பத்தியே பேசுவான். "ஊருக்குப் போயி சேர்ந்து தின்னலாம்டா"ன்னு அன்டன் சொல்லியிருந்தான். எமில் பசியிலயே போயிட்டான்.

தூங்கிட்டியா?

"இல்ல... ம்."

"அவங்கம்மா எங்க இருக்காங்க?"ன்னு கெர்டா கேட்டா. "மலைக்கு அந்தப்பக்கம்"னான். ரெண்டு பேரும் பனியில சரக் சரக்னு நடந்தாங்க. எமிலோட கூட இருந்தவன்னு அன்டன் சொன்னதும், கதவத் தெறந்த அந்தம்மா அவனுக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தாங்க.

"எம்புள்ள வரலையாப்பா?"

"வரலம்மா. எங்கையப் புடிச்சுக்கிட்டேதான் போனான். உங்க கையால தின்னதத்தான் சொல்லிக்கிட்டிருந்தான்."

அந்தம்மா அப்படியே உக்காந்துட்டாங்க. ரொம்ப நேரம் அழுதாங்க. அப்புறம் அன்டன் நீட்டின கைக்குட்டையப் பிரிச்சு, ஆறிப்போன உருண்டைய ரெண்டாப் பிட்டு, ஒரு பாதிய அன்டன் வாய்க்கிட்ட கொண்டுபோனாங்க.

"அவன் பட்டினியா போனது போதும். நீ தின்னுப்பா."

அன்டன் வாயத் தெறந்தான். அழுதுக்கிட்டே மென்னு முழுங்கினான். மறுபாதிய அந்தம்மா தின்னாங்க. தின்னுட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டே கெர்டா பக்கம் திரும்பி, "உப்பு கொஞ்சம் கம்மிம்மா"ன்னாங்க.

அவ்வளவுதான் சாமி. அவங்க சாப்பிட்டாச்சு, நான் சொல்லியாச்சு. நீ கண்ண மூடு.