விரால் குளமும் கூட்டுமீன் குளமும்

முன்னொரு காலத்தில், மலையும் மழையும் சம்பந்தம் கொண்டாடிய சீமை ஒன்றைக் கடம்பராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் அவன் மூளை, நாக்கு சொன்னதைத்தான் கேட்கும். விரால் மீன் குழம்பு என்றால் அவனுக்கு உயிர். ஒருநாள் இலையில் விராலுக்குப் பதில் அயிரைக் குழம்பு வந்து விழுந்தது. வந்ததே கோபம்!

"நம் மலையோடையில் விராலுக்கா பஞ்சம்?" என்று சபையில் குதித்தான்.

தளவாய் ருத்திரப்பர் எழுந்தார். மந்திரி கூத்தபிரானை ராஜா புகழ்ந்துவிட்டால் அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது. மந்திரிக்கு முன்னால் பெயர் வாங்க இதுதான் சமயம் என்று நினைத்தார்.

"எல்லாம் அந்தப் பொடிமீன்களால் வந்த வினை, மகாராஜா! அயிரை, கெளுத்தி, கல்நக்கி என்று ஒன்றுக்கும் உதவாத கூட்டம் விராலின் இரையைப் பங்கு போட்டுத் தின்கிறது. விராலை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, மீனைக் கொல்லும் விஷக்காயை இடித்து ஓடையில் கரைத்துவிடுவோம். மற்றதெல்லாம் செத்து ஒதுங்கும். பிறகு விராலை விட்டால் ஓடை முழுக்க விரால்தான்!"

"சபாஷ்!" என்று தொடையைத் தட்டினான் ராஜா.

தினமும் அந்த ஓடையில் குளித்துவிட்டுத்தான் கூத்தபிரான் சபைக்கே வருவார். காலைக் கொறிக்கும் மீன்களை நின்று பார்ப்பது அவருக்குப் பூஜை மாதிரி. ஆனால் கூடாது என்று வாயைத் திறந்தால், ராஜா வீம்புக்கென்று அன்றைக்கே காயை இடிக்கச் சொல்வான்.

"அருமையான யோசனை, மகாராஜா!" என்றார் மந்திரி. "ஆனால் இவ்வளவு பெரிய சாதனை யார் கண்ணிலும் படாமல் காட்டுக்குள்ளேயா நடப்பது? நந்தவன மண்டபத்துக்கு இருபுறமும் ஓடைத்தண்ணீர் வந்து விழும் குளங்கள் இருக்கின்றனவே. ஒன்றில் தளவாய் விராலை மட்டும் விடட்டும். இன்னொன்றில் அந்த ஒன்றுக்கும் உதவாத கூட்டத்தோடு சேர்த்து நான் விராலை விடுகிறேன். யார் குளத்தில் விரால் பெருகுகிறதோ, அவர் சொன்னபடி ஓடை."

ராஜாவுக்குப் போட்டி என்றால் கற்கண்டு. "தோற்றவருக்கு என்ன தண்டனை?"

"மந்திரி தோற்றால் அவர் முத்திரை மோதிரம் எனக்கு!" என்றார் தளவாய்.

"நீர் தோற்றால் உம்மை என்ன செய்வதென்று நான் சொல்கிறேன்" என்றான் ராஜா.

"இன்னொரு விண்ணப்பம்" என்றார் கூத்தபிரான். "மாலைச் சபை இனி அந்த மண்டபத்திலேயே கூடட்டும். சிம்மாசனத்தைத் தளவாய் குளத்து ஓரமாகப் போடச் சொல்லுங்கள். அந்தக் கௌரவம் அவருக்குத்தானே சேரும்!"

தளவாய் பூரித்துப்போனார்.

முதலில் மானம் போனதென்னவோ மந்திரிக்குத்தான். கெளுத்தியும் ஆரலும் அடிச்சேற்றைக் கிளறிவிட, அவர் குளம் கலங்கிக் கிடந்தது. "மந்திரியாரே, இது குளமா, குழம்பா?" என்று தளவாய் கேட்க, சபையே சிரித்தது.

வீட்டில் கூத்தபிரான் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். "மோதிரம் போனால் போகட்டும், பொன்னாச்சி. ஓடை போய்விடுமே!"

அவர் மனைவி மோரை ஊற்றினாள். "உங்க சபைக்காரங்க மாதிரியா மீனு? அததுக்கு உள்ள வேலைய அதது பார்க்கும். பேசாம சாப்பிடுங்க."

அவள் சொன்னபடியே நடந்தது. கலங்கல் தெளிந்தது. கல்நக்கி மீன்கள் கல்லில் படிந்த பாசியை வழித்துத் தின்றன. கெளுத்திகள் அடியில் விழுந்த அழுகலைக் கூட்டிப் பெருக்கின. மந்திரி குளத்தில் குனிந்தால் முகம் தெரிந்தது.

தளவாய் குளத்திலோ பாசி பச்சைக் கம்பளி போர்த்தியது. விராலுக்கென்று அவர் கொட்டிய இறைச்சித் துண்டுகள் அழுகி நாறின. மாலையானால் கொசு மேகம்போல் எழும்பும்.

ஒருநாள் ராஜா தன் கன்னத்தில் தானே பளீரென்று அறைந்துகொண்டான். அடுத்து நெற்றியில். அடுத்து கழுத்தில்.

"ருத்திரப்பரே! என்னை அறைய இந்த நாட்டில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. உம் குளத்தால் என்னை நானே அறைந்துகொண்டிருக்கிறேன்! மந்திரி பக்கம் மட்டும் ஏன் கொசு இல்லை?"

"என் பக்கம் முண்டக்கண்ணி மீன் காவல் நிற்கிறது, மகாராஜா" என்றார் கூத்தபிரான். "நீர்மட்டத்திலேயே திரிந்து கொசுப்புழுவை விழுங்கிவிடும். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத சிப்பாய்."

"கொசுவா பந்தயம்? விரால்தானே!" என்று கத்தினார் தளவாய். "போடுங்கள் வலையை!"

வலை விழுந்தது. ஒரே ஒரு விரால் வந்தது, உலக்கை மாதிரி.

"கூடை கூடையாக விட்டேனே! மற்றதெல்லாம் எங்கே?"

"இதன் வயிற்றில்" என்றார் மந்திரி. "தின்னப் பொடிமீன் இல்லை, உமது இறைச்சியோ அழுகிவிட்டது. வேறென்ன செய்யும்? பங்காளியே கூடாது என்று விரட்டினால், கடைசியில் கூடப்பிறந்தவனைத்தான் கடிக்க வேண்டிவரும், தளவாயே."

சபை அடக்க முடியாமல் சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. அவன் மந்திரியின் குளக்கரையில் போய்க் குந்தியிருந்தான். குங்குமத்தைக் கரைத்துவிட்டதுபோல் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள் கூட்டமாக மிதந்தன. கீழே தாயும் தகப்பனும் காவல் சுற்றின. பக்கத்தில் அயிரைகள் மணலைச் சலித்துக்கொண்டிருந்தன.

"இத்தனை அழகையா நான் கொல்லச் சொன்னேன்?" என்றான் மெதுவாக. பிறகு எழுந்து மந்திரியின் கைகளைப் பிடித்துக்கொண்டான். "என்ன வேண்டும், கேளும்."

"ஓடையில் விஷம் கூடாது. புதுவெள்ளத்தில் மீன்கள் முட்டையிட ஏறும் காலத்தில் வலை கூடாது. விரால் வலையும்தான், மகாராஜா."

ராஜா எச்சிலை விழுங்கினான். "சரி" என்றான்.

"என் தண்டனை?" என்று தலைகுனிந்து கேட்டார் தளவாய்.

"இன்றுமுதல் நீர் ஓடைக்குக் காவல். உமது பட்டம், அயிரைத் தளவாய்!"

புதுவெள்ளம் வந்தது. ராஜாவும் மந்திரியும் ஓடைக்குப் போனபோது, முழங்கால் தண்ணீரில் வாளோடு நின்றிருந்தார் ருத்திரப்பர். அவர் கால்களை உரசிக்கொண்டு மீன்கள் பாறைமேல் எம்பி ஏறின.

"சத்தம் போடாதீர்கள், மகாராஜா!" என்று உதட்டில் விரல் வைத்தார். "இதோ ஏறுகிறதே, இது அயிரை. மந்திரிக்கு இதன் அருமையெல்லாம் எங்கே தெரியப்போகிறது!"

கூத்தபிரான் கைகட்டி நின்று, பணிவோடு கேட்டுக்கொண்டார்.