பத்து விசில்

ஒரு வீட்டு அடுப்படியில் ராமலட்சுமி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது. ஆனாலும் பக்கத்தில் சம்மணம் போட்டிருந்த மகள் தன்ஷிகாவை விடவில்லை.

“சொல்லு பாப்பா. சுவத்தைப் பாத்துச் சொல்லு.”

சுவரில் ஒன்றிலிருந்து நூறு வரை எண் போட்ட சார்ட் தொங்கியது. திங்கட்கிழமை பெரிய பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி.க்குப் பரீட்சை. பத்து வரை தப்பில்லாமல் எண்ணினால் இடம் உண்டு, தமிழில் எண்ணினாலும் சரிதான் என்று சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான். ராமலட்சுமி அஞ்சாவதோடு நின்றவள். தன்னால் பிள்ளைக்கு இடம் போய்விடக் கூடாதே என்று பயம். அந்தப் பயத்தில் அவள் சார்ட்டை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வெங்காயத்தைப் பார்த்தே பாடம் சொன்னாள்.

தன்ஷிகா சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு பல்லி இருந்தது. அதைப் பார்த்தாள்.

“நூறு நம்பரை நெஞ்சுல சுமந்துக்கிட்டு நிக்கேன், இது பல்லியைப் பாக்குது” என்று சார்ட் புலம்பியது.

அடுப்பில் இருந்த குக்கர் சிரித்தது. “நீ வாயைத் தொறந்தாத்தானே! என்னைப் பாரு.” என்று ஒரு விசில் அடித்தது.

“ஒண்ணு!” என்று துள்ளினாள் தன்ஷிகா. அடுத்த விசிலுக்கு “ரெண்டு!” அதற்கடுத்து “மூணு!” ராமலட்சுமி எழுந்து அடுப்பை அணைத்தாள்.

“யாரு வாத்தியாரு?” என்று குக்கர் நெஞ்சை நிமிர்த்தியது.

அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பிரேமா மதினி வந்தாள். “எங்க, எண்ணு பாப்போம்” என்று பத்து வெங்காயத்தை வரிசையாக வைத்தாள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு.”

“அப்புறம்?”

“அடுப்பை அணை!”

பிரேமா மதினிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. “ஏ ராமலட்சுமி, பள்ளிக்கூடத்துல போயி அடுப்பை அணைக்கச் சொன்னா சீட்டு தருவாங்களாட்டி?”

ராமலட்சுமியும் சிரித்தாள். ஆனால் கண்ணில் வந்தது வெங்காயத் தண்ணீர் மட்டும் இல்லை.

மூன்று பேரும் வாசலுக்குப் போனதும் அரிவாள்மணை ஆரம்பித்தது. “வாத்தியாரய்யா, மூணாம் நம்பரோட பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டீரே!”

குக்கருக்கு மூடி கழன்றது போல இருந்தது. “நான் என்ன செய்ய? தினமும் என் வயித்துல அரிசியைத்தான் போடுதாக. மூணுக்கு மேல அடிச்சா சோறு குழைஞ்சிரும். திட்டு எனக்குல்லா விழும்?”

மேல் தட்டிலிருந்து ஒரு கரகரத்த சத்தம். டப்பாவில் கிடந்த கொண்டைக்கடலைதான். “பொங்கலுக்கு வாங்கினது, எங்களை மறந்தே போனாக. காஞ்சு கல்லாயிட்டோம். ஏழு விசிலுக்குக் கொறஞ்சு நாங்க வேக மாட்டோம்.”

“அப்ப ஏன் உக்காந்திருக்கீக? இறங்குங்க!” என்றது குக்கர்.

ராமலட்சுமி திரும்பி வந்தபோது டப்பா உருண்டு அவள் காலடியில் விழுந்தது. அவள் பொறுக்கி எடுத்தாள், ஊறப்போட்டாள். மறுநாள் தன்ஷிகா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பசியோடு விசிலை ஏழு வரை எண்ணினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ராமலட்சுமி மகளைப் பார்த்தாள். குக்கரைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்தது.

“ஏங்க, ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கால் வாங்கிட்டு வாங்க.”

“என்ன விசேஷம்?” என்றான் புருஷன்.

“பத்து விசில் வேணும்.”

ஞாயிற்றுக்கிழமை குக்கர் மூச்சு வாங்க வாங்கப் பத்தும் அடித்தது. கடைசி விசில் பாதி இருமலாக வந்தது. இருந்தாலும் கணக்கில் சேர்ந்தது.

திங்கட்கிழமை மிஸ் மேஜையில் பத்து மணிகளைப் பரப்பினார். தன்ஷிகா எண்ணினாள். மூன்றில் ஒரு நிமிஷம் நின்றாள். பிள்ளை கண்ணை மூடி, வாசம் பிடிப்பது போல மூக்கைத் தூக்கினாள். “நாலு... அஞ்சு...” என்று போய், “பத்து! கால் வெந்துருச்சு!” என்றாள்.

“என்ன காலு?” என்று முழித்த மிஸ், அம்மா பக்கம் திரும்பினார். “வீட்டுல யாரும்மா சொல்லிக் குடுத்தது?”

ராமலட்சுமி தன் கால்விரலைப் பார்த்தபடி, “எங்க வீட்டுக் குக்கருதான் மிஸ்” என்றாள்.

மிஸ் சிரித்துக்கொண்டே தன்ஷிகாவின் பெயரைப் பதிவேட்டில் எழுதினார். “சீட்டு உண்டு. ஆனா உங்க குக்கர்கிட்டச் சொல்லிருங்க, ஜூன் மாசத்துக்குள்ள இருபது வரைக்கும் வரணும்.”

சேதி அடுப்படிக்கு வந்ததும் குக்கரின் ரப்பர் வளையமே நழுவிவிட்டது. “இருபதா!”

“யானையைத்தான் வேக வைக்கணும்” என்றது அரிவாள்மணை.

சார்ட் முதல் முறையாகக் கனிவாகப் பேசியது. “பத்து வரைக்கும் நீ பாத்துட்டே. அதுக்கு மேல என்கிட்ட விடு.”

சாயங்காலம் உலை வைத்துவிட்டு ராமலட்சுமி வெங்காயத்தோடு உட்கார்ந்தாள். தன்ஷிகா சார்ட்டுக்குப் போய்ப் பத்துக்கு அடுத்த கட்டத்தைத் தொட்டாள். “அம்மா, இது எத்தனாவது விசில்?”

ராமலட்சுமி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சார்ட்டின் முன்னால் நிமிர்ந்து நின்றாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. யாரும் திரும்பவில்லை. குக்கர் சந்தோஷமாக நாலாவதும் அடித்தது.

“இது பதினொண்ணு பாப்பா. இது பன்னெண்டு. இதுக்கு அடுத்தது பதி...”

பக்கத்து வீட்டிலிருந்து பிரேமா மதினி கத்தினாள். “ஏ ராமலட்சுமி! ஆறு விசில் ஆச்சு, அடுப்பை அணைட்டி!”