ஐந்து சான்றிதழ் குரங்கும் அழுங்கக்காவும்

ஒரு காட்டில் கம்ப்யூட்டர் ஆபீஸ் ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, நிஜமாகத்தான்! ஆற்றில் தண்ணீர் ஏறினால், கரையோர வளைகளுக்கெல்லாம் "உடனே வெளியே வாருங்கள்" என்று போனில் செய்தி அனுப்புவதுதான் அதன் வேலை.

மெஷின்கள் எல்லாம் ஒரு குகைக்குள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டது ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் செதில் இருக்குமே, பயந்தால் பந்தாகச் சுருண்டுவிடுமே, அதேதான். ஆற்றை ஒட்டிய முதல் வளை அதனுடையது. உள்ளே ஒரே ஒரு குட்டி.

ஒருநாள் மேனேஜர் கரடி எல்லாரையும் கூப்பிட்டது.

"போன மழையில் குகைக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டது. இனி எல்லாம் கிளவுடுதான். எங்கேயோ மேட்டில் இருக்கிற பெரிய மெஷின்களை வாடகைக்கு எடுத்து, இங்கே உட்கார்ந்தபடி ஓட்டப்போகிறோம். ஒரு மாதத்தில் யார் நன்றாகக் கற்றுக்கொள்கிறாரோ, அவரே தலைவர்!"

"ப்பூ, இவ்வளவுதானா!" என்றது குரங்கு.

குரங்குக்கு எதையும் சட்டென்று முடித்தாக வேண்டும். பரீட்சையில் என்ன கேட்பார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்தது. கேள்வியையும் பதிலையும் அப்படியே உருப்போட்டது. ஐந்து பரீட்சை, ஐந்து சான்றிதழ்! ஒவ்வொன்றையும் மரக்கிளையில் மாட்டிவைத்தது.

அழுங்கு ஒரு பாடம் படிக்கும். உடனே கிளவுடில் பயிற்சிக்கென்று கொடுத்திருந்த கணக்கில் நுழைந்து, ஒரு மெஷினை உருவாக்கும். வேண்டுமென்றே அதைக் கெடுக்கும். பிறகு மல்லுக்கட்டிச் சரிசெய்யும். எங்கே தப்பு நடந்தது என்று எழுதி வைக்கும். பாதிப் பாடம்கூட முடியவில்லை, மாதம் முடிந்துவிட்டது.

"என்ன அழுங்கக்கா, மணல் வீடு கட்டி விளையாடுகிறீர்களா?" என்று குரங்கு கிண்டல் செய்தது.

கரடி சான்றிதழ்களை எண்ணிப் பார்த்து, குரங்கைத் தலைவராக்கியது. பாவம், அழுங்குக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

எல்லாம் கிளவுடுக்கு மாறியதும், தலைவர் குரங்கு தினமும் காலையில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுக்கச் சொல்லி பட்டனைத் தட்டும். திரையில் பச்சை டிக் வரும். குரங்கு வாழைப்பழம் உரிக்கப் போய்விடும்.

"நகலிலிருந்து ஒருதடவையாவது திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா?" என்று அழுங்கு கேட்டது.

"டிக் வந்திருக்கிறதே அக்கா! அப்புறம் என்ன?"

அழுங்கு எடுத்துப் பார்த்தது. நகலில் மென்பொருள் இருந்தது. செய்தி போகவேண்டிய வளைகளின் பட்டியல் இல்லை! பதறிப்போய்க் கரடியிடம் ஓடியது.

"அட, குரங்காருக்குத் தெரியாததா?" என்றது கரடி. "உங்கள் திருப்திக்கு வேண்டுமானால் நீங்கள் தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள்."

அழுங்கு பட்டியலையும் சேர்த்து, வேறோர் இடத்தில் இன்னொரு மெஷினைத் தயார்செய்தது. முதல் மெஷின் நின்றுபோனால் இரண்டாவதுக்கு மாறுவது எப்படி என்று பத்துத் தடவை ஒத்திகை பார்த்தது. ஏழு தடவை சொதப்பியது.

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியான நேரம், மலையில் கொட்டிய மழையில் ஆறு மளமளவென்று ஏறியது. காடே ஒரே நேரத்தில் "தண்ணீர் எவ்வளவு?" என்று பார்க்க, மெஷின் திணறி நின்றுவிட்டது.

குரங்கு அவசரத்தில் மெஷினையே அழித்துவிட்டு, நகலிலிருந்து புதிதாக எழுப்பியது. செய்தியையும் அனுப்பியது.

திரையில் பச்சை டிக் வந்தது. பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: "0 வளைகளுக்கு அனுப்பப்பட்டது."

"ஐயையோ! இந்தக் கேள்வியே வரவில்லையே!" என்று குரங்கு தலையில் கைவைத்தது.

அழுங்கு அந்த எழுத்தைப் படித்தது. குட்டி தனியாக வளைக்குள் தூங்குகிறது! சுருண்டு படுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. எழுதி வைத்ததைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டி, இரண்டாவது மெஷினுக்கு மாறியது. மூன்றே நிமிடம்.

"412 வளைகளுக்கு அனுப்பப்பட்டது."

முயல்கள் ஓடின, கீரிகள் ஓடின, எலிகள் குடும்பத்தோடு ஓடின. அழுங்கின் குட்டியும் போன் சத்தத்தில் விழித்து, செய்தியைப் பார்த்துவிட்டு, பக்கத்து வளை முயலம்மாவோடு மேட்டுக்கு ஏறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் முதல் வளைக்குள் தண்ணீர் குபுகுபுவென்று புகுந்தது. உள்ளே யாரும் இல்லை.

கரடி வெட்கத்தோடு வந்தது. "நான்தான் ஏமாந்துவிட்டேன் அம்மா. இனிமேல் நீங்கள்தான் தலைவர்" என்றது.

"அப்போ நான்?" என்று குரங்கு முனகியது.

"நாளைக் காலை வாருங்கள். ஒரு மெஷினை நீங்களே கெடுத்து, நீங்களே சரிசெய்து பழகலாம்" என்றது அழுங்கு.

குரங்கு தலையைச் சொறிந்தது.

"சரி அக்கா. அது எந்தப் பரீட்சையில் வரும்?"

நீதி: கற்றதைக் கையால் செய்து, கெடுத்து, திருத்திப் பழகியவருக்கே அது ஆபத்தில் கைகொடுக்கும்.