தேரடியில் வந்த பதில்

நெடுமருதூரில் வழித்துணைநாதர் தேர் ஓடும் நாளில் ஊரே அண்ணாந்து சுவாமியின் முகத்தைப் பார்க்கும். குனிந்தே கிடப்பவர் ஒருவர்தான். அவர் பெயர் இருளப்பர். தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது அவர் வேலை. கட்டை போடுகிறவர் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுத்தால் கை போய்விடும். அதனால், ஆயுசெல்லாம் தேரடியில் கழித்தும், தேரேறிய கோலத்தில் தம் சுவாமியை அவர் பார்த்ததில்லை. மற்ற நாட்களில் புளியங்கட்டை செதுக்குவார், தேர் நிற்கும் தேர்முட்டியைக் கூட்டுவார், அந்தியில் ஓர் அகல் ஏற்றுவார். "அப்பனே, மேலே நீ, கீழே நான்" என்பார். அவருக்குத் தெரிந்த மந்திரம் அவ்வளவுதான்.

கட்டை போடுவது இருவர் வேலை, கண்ணுகளா. சக்கரத்துக்கு ஒருவர். நடுவில் தேர் மறைப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. இவர் "பிடிச்சாச்சா?" என்று கேட்க, அந்தப் பக்கத்திலிருந்து "பிடிச்சாச்சு!" என்று பதில் வரவேண்டும். இருளப்பருக்குப் பதில் கொடுத்து வந்தவன் ஒரே மகன் மாயழகு. அவனை விஷக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. அந்தத் துக்கத்திலேயே அவன் தாயும் போய்ச் சேர்ந்தாள். பிறகு கூட்டுக்கு வந்தவனுக்குக் கால் நசுங்கியது. ஊர் வாய் சும்மா இருக்குமா?

"வீட்டையே முழுங்கின மனுசன்யா. அவன்கூடக் கட்டை பிடிச்சவன் வெளங்குவானா?"

அதற்குப்பின் யாரும் வரவில்லை. கோயில் மணியக்காரர் சிரித்துக்கொண்டே, "ஒத்தையாவே போடு இருளப்பா. நசுங்கினாலும் ஒனக்கு அழ ஆளில்லே, எங்களுக்கும் தொந்தரவில்லே" என்றார். இருளப்பர் கையைக் கட்டிக்கொண்டு, "உத்தரவு எசமான்" என்றார்.

அன்றுமுதல் ஒரு கட்டையைப் போட்டுவிட்டு, தேருக்கடியில் தவழ்ந்து போய் மற்றதைப் போடுவார். ஆனாலும் பழைய வழக்கம் விடவில்லை. "பிடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு ஒரு கணம் காது கொடுப்பார். அச்சு முனகும், வேறு சத்தம் இராது.

"யாரைக் கேக்குறீரு பெரியவரே?" என்று வடம் பிடிப்பவர்கள் கேலி செய்வார்கள்.

"இருக்கிறவரைத்தான்" என்பார்.

ஒரு வருஷம் தேர் வடக்கு வீதியில் திரும்பியபோது கோடைமழை கொட்டியது. மண் இளகி வலச்சக்கரம் அமுங்க, தேர் வீதியோரத்தில் பூவாயி என்பவளின் குடிசைப் பக்கம் சாய்ந்தது. ஜனங்கள் வடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தேர்மேல் இருந்த குருக்களும் குதித்து இறங்கிவிட்டார். குடிசைக்குள் பூவாயிக்குப் பிரசவ நேரம். அவள் மாமியார் வாசலுக்கு வந்து அலறினாள்: "தலை தெரியுதுய்யா! இவளத் தூக்கிட்டு ஓட முடியாதுய்யா!"

வலச்சக்கரத்துக்கு மட்டும் கட்டை போட்டால் இடச்சக்கரம் உருண்டு, தேர் சுழன்று குடிசைமேல் விழும். இரண்டு கட்டையும் ஒரே நொடியில் விழவேண்டும். இருந்ததோ ஒரே ஆள்.

"இருளப்பா, ஓடியாடா! சாகப் போறே!" என்று தூரத்திலிருந்து மணியக்காரர் கத்தினார்.

"மேலே அவரும் தனியாத்தான் இருக்காரு எசமான். நீங்க போங்க."

வீதியில் ஓர் உயிர் இல்லை. மழை மட்டும் பெய்தது. இடக்கட்டையை அந்தப் பக்கம் செருகாமல் சும்மா வைத்துவிட்டு, வலச்சக்கரத்தடியில் மண்டியிட்டார் இருளப்பர். 'அப்பனே, ரெண்டு பக்கமும் நிக்க என்னால ஆகாது. அந்தப் பக்கம் ஒம் பாடு' என்று மனசுக்குள் சொன்னார். கட்டையைச் செருகித் தோளைக் கொடுத்தார். தொண்டை கிழியக் கேட்டார்:

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு!"

மகன் குரல் அல்ல. அந்த ஊரில் யார் குரலும் அல்ல. தேர் ஒரு குலுக்குக் குலுக்கி அப்படியே நின்றது. சற்றைக்கெல்லாம் குடிசைக்குள் குழந்தை வீறிட்டது.

மழை விட்டதும் ஜனங்கள் வந்து பார்த்தார்கள். இடச்சக்கரத்தில் கட்டை இறுகச் செருகியிருந்தது. பக்கத்துச் சேற்றில் இரண்டு முழங்கால் பதிந்த குழிகள்.

"யாருய்யா அந்தப் பக்கம் நின்னது?"

"நான் பாக்கலீங்க. பதில் வந்துச்சு."

சுவாமியை இறக்க மேலே ஏறிய குருக்கள் அங்கிருந்தே எல்லாரையும் கூவி அழைத்தார். மழைத்துளி படாத பட்டில், முழங்கால் இரண்டிலும் ஈரச் சேறு. திருத்தோளில் அச்சுக்குப் போடும் வண்டி மை.

சுவாமியைத் தோளில் தாங்கி வந்தவர்கள் இருளப்பரின் முன்னால் நின்றார்கள். அவர் அன்றுதான் தலை நிமிர்ந்தார். தம் தோளிலும் அதே மை இருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு அழுதார்.

மணியக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார். "அடுத்த தேருக்கு அந்தப் பக்கம் நான் நிக்கட்டுமாய்யா?"

"நில்லுங்க எசமான். அவரு கொஞ்சம் தள்ளி நின்னு எடம் குடுப்பாரு."

பதில் வராத நாளிலும் கேட்பதை நிறுத்தாத அந்த இருளப்பரின் அழுக்குத் தோளை நினைத்துக் கும்பிடுவோம், கண்ணுகளா. நாதன் தன் தோளுக்கு இணையாக வைத்துக்கொண்ட தோள் அது.