தோளுக்கு ஏற்ற மடிக்கணினி

சென்னியப்பனுக்கு அறுபது வயது. அவருக்கு லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஜெரினா டீச்சருக்கு அதில் பாதி.

போன மழையில், பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணைத் தேடி வந்த ஆம்புலன்ஸ் மலையில் வழி தெரியாமல் நின்றது. அதை நேரில் பார்த்ததிலிருந்து மனுஷருக்குத் தூக்கமில்லை. அடுத்த மழைக்குள் மலைப்பாதை அத்தனையையும் நடந்தே இணைய வரைபடத்தில் ஏற்றிவிடுவதென்று ஒற்றைக்காலில் நின்றார். ஆனால் தோளில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. கூடவே சுமக்க வேண்டிய பழைய மடிக்கணினியோ அம்மிக்கல் கனம்.

“டீச்சர், லினக்ஸ் ஓடணும், எடையும் இருக்கக் கூடாது. எதை வாங்கட்டுங்க?”

ஜெரினா லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கொடுத்தார். “கடையில இதைச் சொருகி ஓட்டிப் பாருங்க. வாங்கிடாதீங்க. வந்து சொல்லுங்க.”

சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்தார் சென்னியப்பன்.

“கிடைச்சிருச்சுங்க! ஒரு கிலோகூட இல்லை.”

“லினக்ஸ் ஓடுச்சுங்களா?”

“ஓடுச்சுங்க. வைஃபைதான் எடுக்கலை. வெளியில சொருகற டாங்கிள் ஒண்ணு போட்டா சரியாப் போயிரும்.”

ஜெரினா அலமாரியிலிருந்து ஒரு டாங்கிளை எடுத்து அவர் பைக்குள் போட்டார்.

“சொருக ஒரே போர்ட்தானுங்க. ஒண்ணைப் பலதாக்கற ஹப் ஒண்ணு வேணும்.”

ஹப்பும் பைக்குள் போனது.

“டச்பேட் சொன்ன பேச்சு கேட்கலை. மவுஸ் வெச்சுக்கறேன்.”

மவுஸும் போனது.

“மூடி வெச்சுட்டு டீ குடிச்சிட்டு வந்தேனுங்க. கம்ப்யூட்டர் தூங்கவே இல்லை, சூடாகி சார்ஜ் இறங்கிக் கிடக்குது. பெரிய பவர் பேங்க் ஒண்ணு…”

அதையும் போட்டு, வகுப்பிலிருந்த அதே எடையுள்ள மெல்லிய மடிக்கணினி ஒன்றையும் மேலே வைத்தார் ஜெரினா.

“மாடிக்குத் தூக்கிட்டுப் போங்க.”

சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். பாதிப் படியில் தோளில் உயிர் போனது. இறங்கி வந்து உட்கார்ந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“மழை வந்துருமுங்களே, டீச்சர்.”

“வேற எதுல ஓட்டிப் பார்த்தீங்க?”

“ஏதோ ஆபீஸ்ல ஓடிட்டுக் கடைக்கு வந்த பழசு ஒண்ணு. அந்தப் புதுசைவிடக் கால் கிலோ கூட. அது எதுக்குங்க?”

“வைஃபை?”

“எடுத்துச்சு.”

“மூடி வெச்சா?”

“தூங்குச்சு.”

“வேற?”

சென்னியப்பன் விரல் விட்டு எண்ணப் பார்த்தார்.

“வேற சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லைங்களே.”

ஜெரினா பையைக் கவிழ்த்துக் காலியாக்கி அவர் கையில் கொடுத்தார்.

“கடை சாத்தறதுக்குள்ள போங்க.”