அரண்மனை வாசலில் நட்ட எல்லைக்கல்

எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவில் மலையிலிருந்து இறங்கிக் கடலில் போய்ச் சேரும் ஓர் ஆறு. ஆற்றின் தென்கரையில் அரண்மனை. அங்கே மகுடவர்மன் என்று ஒரு ராஜா இருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் ஓர் ஆசை பிறந்தால் சாயங்காலத்துக்குள் அது நடந்தாக வேண்டும். அப்படிப்பட்டவரைச் சுற்றி எப்படிப்பட்ட ஆட்கள் வந்து சேர்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு நாள் கொலுமண்டபத்தின் வெள்ளைச் சுவர் ராஜாவின் கண்ணில் பட்டது.

"இந்தச் சுவரில் நம் நாட்டைப் படமாக எழுத வேண்டும். நம் நாடு எது? எங்கே முடிகிறது? சபையோர் சொல்லலாம்" என்றார்.

நில அளவைத் தலைவர் திரியம்பகர் எழுந்தார். அவருக்குக் கோணலாக எது இருந்தாலும் பிடிக்காது. ஆலமரத்தைக்கூட நேராக வளரச் சொல்கிற மனிதர்.

"அரசே, ஆறுதான் எல்லை. இயற்கையே கோடு போட்டு வைத்திருக்கிறது. வடகரையார் கம்பு உண்கிறார்கள்; நாம் நெல்லுண்கிறோம். அவர்கள் பேச்சை இழுத்துப் பேசுகிறார்கள். தலைப்பாகையை இடப்பக்கம் செருகுகிறார்கள். ஆகவே வடகரை என்பது தங்கள் ஆட்சிக்கு உட்பட்ட அயல்நாடு."

ஆட்சிக்கு உட்பட்ட அயல்நாடு! இப்படி ஒன்றை யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டும். சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள். குப்பாண்டார் மட்டும் ஆட்டவில்லை.

குப்பாண்டார்தான் அந்தச் சபையின் விகடகவி. ஆற்றங்கரை ஊரில் பிறந்தவர். அவர் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். ராஜா சிரித்தால் திரியம்பகருக்கு வயிறு எரியும்.

"அரசே, இலையில் சோற்றைக் குவித்து நடுவில் குழம்பு ஊற்றுகிறோம். குழம்பு ஓடிய இடத்தோடு என் சாப்பாடு முடிந்தது, அந்தப் பக்கத்துச் சோறு அடுத்தவருடையது என்று யாராவது எழுந்து போகிறார்களா?" என்றார் குப்பாண்டார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். திரியம்பகரின் முகம் சிறுத்துவிட்டது.

"அப்படியானால் எல்லையைக் குப்பாண்டாரே கண்டுபிடிக்கட்டும், அரசே. நம் நாடு எங்கே முடிகிறதோ அங்கே அவர் ஒரு கல்லை நடட்டும். அதுவரை ஓடங்கள் கரையிலேயே கட்டிக் கிடக்கட்டும். எது யார் நாடு என்று தெரியாமல் ஆட்கள் போய் வந்துகொண்டிருப்பது முறையல்ல. அடுத்த பௌர்ணமிக்குள் கல்லை நடாவிட்டால், அவர் ஆற்றுக்கு அப்பால் போய் அங்கேயே இருந்துகொள்ளட்டும்."

"நல்ல வேடிக்கை! அப்படியே ஆகட்டும். எங்கே முடிகிறதோ அங்கே கல். அந்தக் கல்லுக்கு வெளியே இருப்பவன் அயலான். அனுமதியில்லாமல் உள்ளே வரக் கூடாது" என்று ராஜா முத்திரையிட்டார்.

குப்பாண்டாரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அரசே, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஓடங்களை மட்டும் நிறுத்தாதீர்கள். கரையோரத்தில் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால்..."

ராஜா கொட்டாவி விட்டார். "இன்று உம்முடைய பேச்சில் சுவையே இல்லை, குப்பாண்டாரே."

குப்பாண்டார் என்ன சொல்ல வந்தார் என்பதை நான் சொல்லிவிடுகிறேன். அந்த ஆற்றங்கரையில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மறுகரையில் ஒரு வீடு உண்டு. எதிர்வீடு என்பார்கள். சொந்தமும் கிடையாது, சாதியும் கிடையாது. ஓடக்காரர் வீட்டுக்குத் தறிக்காரர் வீடு எதிர்வீடாக இருக்கும். சாவுச் சேதி கேட்டதும் எதிர்வீட்டார் புதுப்பானையில் சோறு பொங்கி ஆற்றைக் கடந்து வருவார்கள். அதில் ஒரு பிடியைப் போனவரின் வாயில் வைத்த பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். மீதியை வீட்டார் சாப்பிடுவார்கள். வெள்ளம் வந்தால் ஒரு கரை மூழ்கும், ஒரு கரை தப்பும். மூழ்கிய கரைக்குத் தப்பிய கரை சோறு கொண்டுபோனதிலிருந்து வந்த வழக்கமாக இருக்கலாம். யாருக்குத் தெரியும்?

குப்பாண்டார் கல்லை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். முதலில் முகத்துவாரத்துக்குப் போனார். அங்கே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "உங்க வீட்டுல ஒரு கெட்டது நடந்தா முதல் சோறு எங்கிருந்தும்மா வரும்?" என்று கேட்டார்.

"நல்ல கேள்வி கேட்டீரு போம்! அக்கரையில உப்பளத்துக்காரங்கதான் எங்க எதிர்வீடு. எங்க மாமனார் போனப்ப சுழிக்காத்துல வந்து சேர்ந்தாங்க. ஏன், யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா" என்று வண்டியைத் திருப்பினார். ஊர் ஊராக ஆற்றை எதிர்த்து மேற்கே போனார். பேச்சு மாறிக்கொண்டே போனது. மீன் போய் நெல் வந்தது, நெல் போய்த் தினை வந்தது. சாமிகளின் பெயர்கூட மாறியது. ஆனால் மலையடிவாரத்துத் தேனெடுக்கும் ஆளும் அதையேதான் சொன்னான்: "அருவிக்கு அந்தாண்ட இருக்கவங்கதான் எங்களுக்குச் சோறு." மலை முகட்டைத் தாண்டி விசாரித்தபோதுதான், "எங்க வீட்டுச் சாவுக்கு நாங்கதான் பொங்குவோம், வேற யாரு பொங்குவா?" என்று ஒருவர் கேட்டார். குப்பாண்டாருக்கு விடை கிடைத்துவிட்டது. இந்த மலைக்கும் கடலுக்கும் நடுவே, எதிர்வீடு இருக்கிற ஊரெல்லாம் ஒரே நாடு. கல்லை முகட்டில் நட்டிருக்கலாம். ஆனால் ராஜாவிடம் கேட்டுக்கொண்டு நடலாம் என்று வண்டியை அரண்மனைக்குத் திருப்பினார்.

அரண்மனைத் துறைக்கு வந்தபோது உச்சிவெயில். ஓடங்கள் கட்டிக் கிடந்தன. ஆறு கரை நிறைய ஓடிக்கொண்டிருந்தது. செக்காட்டும் வீட்டுச் சீனியம்மா ஒரு புதுப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு காவலர்களோடு மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"அய்யா, எங்க எதிர்வீட்டுப் பொன்னுருவியம்மா போயிட்டாங்கன்னு அக்கரையிலருந்து கூவிச் சொன்னாங்க. பொழுது சாயறதுக்குள்ள தூக்கியாகணும். சோறு ஆறிக்கிட்டு இருக்கு. இவங்க விட மாட்டேங்கிறாங்க" என்று குப்பாண்டாரைப் பார்த்து அழுதாள்.

"கல்லுக்கு உத்தரவு இருக்குங்க, தாராளமா போகலாம். சோத்துக்கு உத்தரவு இல்ல. அனுப்பினா எங்க தல போயிரும்" என்றான் காவலன். அவனும் என்ன செய்வான், பாவம்!

பொன்னுருவி யார் என்பது குப்பாண்டாருக்குத் தெரியும். மகுடவர்மனுக்குப் பாலூட்டி வளர்த்த செவிலித்தாய். பிள்ளை நடக்கப் பழகியதும் பட்டுப்புடவை கொடுத்து வடகரைக்கே அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ராஜா அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நேரே ஓடிப்போய் அழுதால் ராஜா கேட்பாரா? கேட்க மாட்டார்; கொட்டாவி விடுவார், திரியம்பகர் சட்டம் பேசுவார். சிரிக்கவைத்தால்தான் அந்தக் காது திறக்கும். குப்பாண்டார் அவசர அவசரமாக வண்டியை ஓட்டிப்போய் அரண்மனை வாசலில் குழி தோண்டிக் கல்லை நட்டார். வாயிற்காவலர்களிடம் ராஜாவின் முத்திரை ஓலையைக் காட்டினார்.

"இதுதான் எல்லை. அரண்மனை அயல்நாடு. உள்ளேயிருந்து அனுமதியில்லாமல் ஒருவரையும் நம் நாட்டுக்குள் விடாதீர்கள்."

காவலர்கள் முத்திரையைப் பார்த்தார்கள். ஈட்டிகளைக் குறுக்கே நீட்டினார்கள்.

சாப்பாட்டு வேளை. சபையோர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். முதலில் வந்தவர் திரியம்பகர். அவருடைய வீடு எதிர்த் தெருவிலேயே இருந்தது. வீட்டில் வத்தக்குழம்பு கொதிக்கும் வாசனை வாசல்வரை வந்தது.

"அயல்நாட்டாரே, தாங்கள் எந்த ஊர்? எதற்காக எங்கள் நாட்டுக்குள் வருகிறீர்கள்?" என்று கேட்டார் குப்பாண்டார்.

"ஓய்! என் வீடு அதோ இருக்கிறது!"

"இருக்கலாம். ஆனால் தாங்கள் தலைப்பாகையை நட்டநடுவில் செருகியிருக்கிறீர்கள். எங்களில் யாரும் அப்படிச் செருகுவதில்லை. தாங்கள் அயலார்தான்."

கூச்சலைக் கேட்டு ராஜா வந்தார். நிலைமையைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அரசே, ஏன் இங்கே நட்டேன் என்று கேளுங்கள்" என்றார் குப்பாண்டார்.

"பொறும், பொறும். அரசியும் பார்க்கட்டும்."

அரசி வந்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து நடித்துக் காட்டச் சொன்னார்கள். குப்பாண்டார் காட்டினார்.

"அரசே, காரணத்தைக் கேளுங்கள்."

"கேட்கிறேன். முதலில் திரியம்பகர் உம்மிடம் அனுமதி கேட்கட்டும். கைகூப்பிக் கேளும், திரியம்பகரே!"

அதற்குள் இளவரசர்கள் வந்துவிட்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து. கல்லின் நிழல் வாசற்படியைத் தாண்டி உள்ளே நீண்டுவிட்டது. ஒரு வழியாக ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, சொல்லும். நாடு ஏன் என் வாசலில் முடிகிறது?" என்றார்.

"கடலிலிருந்து மலைவரை கேட்டு வந்தேன், அரசே. சாவு வீட்டுக்கு எதிர்கரையிலிருந்து சோறு வரும் ஊரெல்லாம் நம் நாடு. அந்தச் சோற்றை வாங்காத வீடு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. தங்கள் தாயார் இறந்த அன்று வடகரையிலிருந்து ஒருத்தி பானையோடு இதே வாசலில் நின்றாள். அரண்மனை அடுப்பு எரிகிறது, உன் சோறு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஆகவே நாடு இங்கேதான் முடிகிறது. கல்லுக்கு வெளியே இருப்பவர் தாங்கள்தான்."

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அவள் யார்?"

"தங்களுக்குப் பாலூட்டிய பொன்னுருவி. இன்று காலையில் இறந்துவிட்டாள். அவளுக்கான சோறு உச்சிப்பொழுதிலிருந்து துறையில் காத்துக்கிடக்கிறது."

"முட்டாளே! இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை?"

"முதலிலேயே சொன்னேன், அரசே. சுவையில்லை என்றீர்கள்."

ராஜா அதற்குமேல் நிற்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் துறைக்கு ஓடினார். சீனியம்மாவிடமிருந்து பானையைத் தாமே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். ஓடத்தில் குப்பாண்டாரும் சீனியம்மாவும் ஏறினார்கள். நடு ஆற்றில் இருக்கும்போதே வடகரைச் சுடுகாட்டில் புகை எழுவது தெரிந்தது.

வீட்டு வாசலில் பொன்னுருவியின் மகள் வடிவாச்சி ஈரத்தலையோடு நின்றாள். அடுப்பு மூட்டாத வீடு இருட்டிக் கிடந்தது. தலையில் பானையோடு நிற்பவர் யார் என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் பானையை இறக்கக் கை கொடுத்தாள்.

"பொழுது சாயுற வரைக்கும் பார்த்தோம் சாமி. அதுக்கு மேல வச்சிருக்க முடியல" என்றாள்.

ராஜா, "என் மேல் கோபமாக இருந்தாளா?" என்று கேட்டார்.

"ஒங்க வாசல்லருந்து பானையோட திரும்பி வந்த அன்னிக்கு நான்தான் கோவப்பட்டேன். அம்மா கோவப்படல. 'பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்காதுடி, தெரிஞ்சா வாங்கியிருக்கும்'னு சொன்னாங்க. சாகுற வரைக்கும் அதையேதான் சொன்னாங்க."

மகுடவர்மன் அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். ராஜா அழுதால் சுற்றியிருப்பவர்கள் என்ன செய்வது என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை. வடிவாச்சிதான் இலையைப் போட்டு, ஆறிப்போன சோற்றைப் பரிமாறினாள். அவருக்கும் சேர்த்துத்தான்.

மறுநாள் ஓடங்கள் ஓடின. சுவரில் மலைமுதல் கடல்வரை, இரண்டு கரையும் ஒரே வண்ணத்தில் படம் எழுதினார்கள். ஆற்றை நடுவில் வைத்தார்கள். திரியம்பகரே நின்று எழுதவைத்தார். குப்பாண்டாருக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார், பொற்கிழியும் நீட்டினார். குப்பாண்டார் அதை வாங்கவில்லை.

"துறையிலிருந்து அழுதுகொண்டே ஓடிவந்து தங்கள் காலைப் பிடித்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பீர்களோ என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன், அரசே. எனக்குத் தெரியவில்லை. இனி எப்போதாவது நான் சுவையில்லாமல் பேசினால், அப்போதும் கேளுங்கள். அது போதும்."

வாசற்கல்லை ராஜா பிடுங்கவிடவில்லை. நாள் போகப்போகக் குப்பாண்டார் பழையபடி விகடம் பேசினார். ராஜாவும் பழையபடி சிரித்தார், பரிசும் கொடுத்தார். ஆனால் சிரிப்பு வரும்போதெல்லாம் அதை ஒரு கணம் அடக்கிக்கொண்டு, "குப்பாண்டாரே, வெளியே யாராவது காத்திருக்கிறார்களா?" என்று கேட்டுக்கொள்வாராம். இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் சிரிப்பாராம்.